வரம்பில் ஒரு ஓட்டை

மாசி 9

விடிய ஐந்து மணி. முற்றமெல்லாம் பனி. தங்கச்சி சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், விளக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. "உடம்புச் சூடு பிள்ளை" என்றார் அவளின் மாமி. இந்தக் குளிரிலா? இரண்டு நிமிடம் உறிஞ்சுகிறான், வாயை எடுத்து மூச்சு வாங்குகிறான், களைத்து உறங்கிப்போகிறான், அரை மணியில் திரும்பவும் பசித்து அழுகிறான். தாய்க்குப் பால் காணாதாம், மாப்பால் கொடுக்கட்டாம், வருகிற ஆட்களெல்லாம் இதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மாசி 12

கிளினிக். பிறக்கும்போது 2.9 கிலோ, ஏழு கிழமை கழித்து 3.2. நாலு கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். மிட்வைஃப் மிஸ்ஸி வளர்ச்சி அட்டையில் எடைக் கோட்டைப் பார்த்தார், பேசவில்லை. பிள்ளையின் சட்டையை உயர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். 68. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60 வந்தாலே கூடுதல் என்றார். நான் வேர்வையைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "அக்கா, இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று அங்கேயே கடிதம் எழுதித் தந்தார். எங்களுக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

மாசி 15

யாழ்ப்பாணத்தில் எக்கோ, அதுதான் இதயத்துக்கு எடுக்கிற ஸ்கான், எடுத்தாயிற்று. இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை, பெரிசு. பிறவி இதயக் கோளாறுகளில் இதுதான் கூடுதலாக வருவதாம். பிறந்தபோது பார்த்த டொக்டருக்கு இதய இரைச்சல் ஏன் கேட்கவில்லை என்று தங்கச்சியின் புருஷன் கொஞ்சம் சூடாகவே கேட்டார். டொக்டர் கோபிக்காமல் கடதாசியில் கீறிக் காட்டினார். பிறந்த புதிதில் நுரையீரல் பக்கத்து அழுத்தமும் கூடத்தான், இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், ஓட்டையால் பெரிதாக ஒன்றும் பாயாது. கிழமைகள் போக அந்தப் பக்கத்து அழுத்தம் இறங்கும், அப்போதுதான் பாயத் தொடங்கும், இரைச்சலும் கேட்கும்.

தங்கச்சியின் புருஷன் இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற ஆள். "வரம்பில ஓட்டை மாதிரி. ரெண்டு வயலிலயும் தண்ணி சமனா நிண்டா ஓடாது, ஒண்டு இறங்கினாத்தான் பாயும்" என்றார். டொக்டர் அதேதான் என்றார். பாய்ந்த இரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே போய் அதை நிரப்புகிறது, இதயம் ஒரே தண்ணியைத் திரும்பத் திரும்ப இறைக்கிறது. கைப்பிள்ளைக்குப் பால் குடிப்பதுதான் பெரிய வேலை, நாங்கள் மண் வெட்டுகிற மாதிரி. அதுதான் அந்த வேர்வை.

மாசி 21

கிரகணத்தில் வெளியே போனாள், பப்பாசி தின்றாள் என்று கதை தொடங்கிவிட்டது. தங்கச்சி இரவெல்லாம் அழுதாள். எனக்கு வந்த கோபத்தை இதில் எழுத முடியாது. நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று இதயத்தில் ஏதோ ஒரு பிழையோடு பிறக்கிறது, அனேகமானவற்றுக்குக் காரணம் இதுதான் என்று காட்டவே முடியாது. கர்ப்பத்தின் முதல் எட்டுக் கிழமைக்குள் இதயம் உருவாகி முடிந்துவிடும், பல பேருக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிவதே அந்த நாட்களில்தான். தாய்க்குக் கட்டுப்படாத நீரிழிவு, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா என்கிற தொற்று, இப்படிச் சில காரணங்கள் உண்டு. இவளுக்கு இரண்டும் இல்லை. பப்பாசி அந்தப் பட்டியலிலேயே இல்லை. மாமிக்கு எக்கோத் துண்டைக் காட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பேசாமல் இருந்தார், பிறகு போய்த் தங்கச்சிக்குச் சோறு போட்டுக் கொடுத்தார்.

பங்குனி 6

3.6 கிலோ! நீர் இறக்கும் மருந்தை ஊசி போடாத சிரிஞ்சால் துளி தப்பாமல் அளந்து கொடுக்கிறோம். கறந்த தாய்ப்பாலில் டொக்டர் எழுதித் தந்த, பாலின் சத்தைக் கூட்டுகிற மாவை அவர் சொன்ன அளவுக்குக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சின்ன ஓட்டை என்றால் தானாக மூடும், இது மூடாதாம். கனகாலம் விட்டால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் தடித்துவிடும், பிறகு ஓட்டையை மூடியும் பயனில்லை, அதனால் எடை கொஞ்சம் ஏறியதும் கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. தடுப்பூசிகள் வழமைபோலப் போடலாம் என்றார்கள்.

இன்று விடியவும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருக்கிறது. ஆனால் வாயை எடுக்காமல் ஆறு நிமிடம் குடித்தான், தங்கச்சி மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.