ஆஃபர் போட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை: சர்வரே இல்லாத பிட்காயின் டிரேடிங் செயலியை ரீஃபேக்டர் செய்த கதை

வெப் செயலியில் ஏதாவது உடைந்தால் இரவோடு இரவாக சர்வரில் சரிசெய்து, காலையில் ஒன்றும் தெரியாதது போல இருந்துவிடலாம். பரவலாக்கப்பட்ட டிரேடிங் செயலியில் அதற்கு வழியே கிடையாது. அவரவர் கணினியில் ஓடும் டெஸ்க்டாப் புரோகிராம்தான் மொத்த எக்ஸ்சேஞ்சும். ஆஃபர்கள் (வாங்க, விற்க முன்வரும் அறிவிப்புகள்) அடையாளத்தை மறைக்கும் டார் நெட்வொர்க் வழியாக நோடுக்கு நோடு, அதாவது ஒரு பயனர் கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, பரவுகின்றன, பணத்தைத் திறக்கும் சாவிகள் பயனர் டிஸ்க்கில் கிடக்கின்றன. புது ரிலீஸ் வந்த பிறகும் பழைய பதிப்பை மாதக்கணக்கில் திறந்தே வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் போய் உங்கள் கோடு அழுக்காக இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்?

பிஸ்க் என்ற பரவலாக்கப்பட்ட பிட்காயின் எக்ஸ்சேஞ்ச் மாதிரியான அமைப்புதான் இதுவும்: ஜாவாஎஃப்எக்ஸ் முகப்பு, பிட்காயின்ஜே வாலட், ஆப்ஜெக்ட்களை இணைக்கும் கைஸ், டேட்டாவை பைட்டாக்கும் புரோட்டோபஃப், பில்டு செய்யும் கிரேடில். ஆயிரம் வரி கிளாஸை உடைப்பது, பேக்கேஜ்களை இடம் மாற்றுவது, செத்த கோடை அகற்றுவது எல்லாம் சுலபமாக முடிந்தன. அடி விழுந்தது மூன்று இடங்களில்: நெட்வொர்க்கில் போகும் பைட்டுகள், டிஸ்க்கில் எழுதப்படும் பைட்டுகள், செயினுக்குப் போகும் டிரான்ஸாக்‌ஷன். இந்த மூன்றின் மேல் கை வைத்தால் அது ரீஃபேக்டரே (நடத்தை மாறாமல் கோடைச் சீரமைப்பது) இல்லை, புரோட்டோகால் (நோடுகள் பேசிக்கொள்ளும் விதி) மாற்றம். ரிவ்யூவில் இதைக் கத்திச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

முதலில் நெட்வொர்க். ஆஃபர் மெசேஜில் ஒரு புது ஃபீல்டு சேர்ந்தது. புரோட்டோபஃப்பில் புது எண் கொடுத்து ஃபீல்டு சேர்த்தால் பழையவர்களுக்குப் பாதிப்பில்லை என்று எல்லா வழிகாட்டியும் சொல்கிறது. பார்ஸ் ஆவதை, அதாவது பைட்டுகளை வாசித்துப் பிரிப்பதை, பொறுத்தவரை அது உண்மை. ஆனால் இங்கே ஆஃபர் கையெழுத்திடப்பட்ட பொருள். பெறுகிற நோடு அதை பார்ஸ் செய்து தன் சொந்த ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றுகிறது. பிறகு அதையே திரும்ப பைட்டாக்கி, ஹேஷ் (பைட்டுகளின் கைரேகை போன்ற எண்) எடுத்து, கையெழுத்தைச் சரிபார்க்கிறது. பழைய பதிப்பின் ஆப்ஜெக்ட்டில் புது ஃபீல்டுக்கு இடமில்லை. திரும்ப பைட்டாக்கும்போது அது உதிர்ந்துவிடும், ஹேஷ் மாறும், கையெழுத்து பொருந்தாது, மெசேஜ் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும்.

புரோட்டோபஃப் 3.5இலிருந்து தெரியாத ஃபீல்டுகளைக் காப்பாற்றுகிறதே என்று வாதாட வருவார்கள். காப்பாற்றுவது புரோட்டோபஃப் உருவாக்கிய மெசேஜ் கிளாஸ் மட்டும். உங்கள் சொந்த ஜாவா ஆப்ஜெக்ட்டுக்கு மாறிய கணமே அது போய்விடும்.

எரிச்சல் என்னவென்றால், இது எங்கேயும் சிவப்பாகத் தெரியாது. ஆஃபர் போட்டவருக்குத் தன் ஆஃபர் தன் திரையில் தெரிகிறது. புதுப் பதிப்பில் இருப்பவர்களுக்கும் தெரிகிறது. பழைய பதிப்பின் லாகில் டீபக் மட்டத்தில் ஒரு வரி விழும், அதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆஃபரை யாரும் எடுக்கவில்லை என்று புகார் வந்தால் சந்தை மந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

டெஸ்ட்கள் ஏன் பிடிக்கவில்லை? புரோட்டோ3இல் பூஜ்ஜியம், காலி ஸ்டிரிங், ஃபால்ஸ் போன்ற டீஃபால்ட் மதிப்புகள் பைட்டில் எழுதப்படுவதே இல்லை. புது ஃபீல்டு பூஜ்ஜியமாக இருக்கும்வரை பழைய ஹேஷும் புது ஹேஷும் ஒன்றுதான். டெஸ்ட் எல்லாம் பச்சை. உண்மையான மதிப்பு ஒன்று வந்து உட்கார்ந்ததும் உடைகிறது. ஆகவே முதல் எச்சரிக்கை: இணக்கச் சோதனையில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் டீஃபால்ட் அல்லாத மதிப்பு கொடுங்கள்.

இதற்கு வழக்கமான மாற்றுவழி, ஆரம்பத்திலேயே வைக்கப்பட்ட ஒரு கூடுதல் தகவல் மேப். ஸ்டிரிங் சாவி, ஸ்டிரிங் மதிப்பு. பழைய பதிப்புக்கு அந்தச் சாவியின் பொருள் தெரியாவிட்டாலும் மேப்பை அப்படியே வைத்திருந்து திரும்ப எழுதும். இது வேலை செய்கிறது, ஆனால் இதிலும் ஒரு குழி. மேப்பை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று புரோட்டோபஃப் உறுதி தருவதில்லை. ஒரு சாவி இருந்தால் பிரச்சினையில்லை. இரண்டானதும் வரிசை பேச ஆரம்பிக்கும். ஹேஷ்மேப்பை எடுத்துவிட்டு, சாவிகளை அகர வரிசையில் வைக்கும் ட்ரீமேப் போடலாம் என்பது நல்ல யோசனைபோலத் தோன்றும். பழைய நோடு ஹேஷ்மேப் வரிசையிலும் புதியது அகர வரிசையிலும் எழுதினால் மறுபடி அதே நோய். ட்ரீமேப் புதிதாகச் செய்யும் மெசேஜ் வகைகளுக்கு மட்டும்.

சரியான மருந்து, வந்த பைட்டுகளை வந்தபடியே வைத்துக்கொண்டு அவற்றின் மேல் கையெழுத்தைச் சரிபார்ப்பது. ஆப்ஜெக்ட்டை மறுபடி பைட்டாக்கிச் சரிபார்க்கவே கூடாது. ஏற்கெனவே ஓடுகிற நெட்வொர்க்கில் இதை ஒரே ரிலீஸில் செய்ய முடியாது. முதல் ரிலீஸ் புது வடிவத்தை வாசிக்க மட்டும் கற்றுக்கொள்ளட்டும். எழுதத் தொடங்கும் தேதி கோடிலேயே எழுதப்பட்டிருக்கட்டும், அந்தத் தேதி மூன்று நான்கு ரிலீஸ் தள்ளியே இருக்கட்டும். அவசரப்படுபவர்கள் இருப்பார்கள், அவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

இதே வகையில் இன்னும் சில. ஃபீல்டை நீக்கினால் அதன் எண்ணையும் பெயரையும் ரிசர்வ்ட் என்று குறித்துவிடுங்கள். யாராவது நல்லெண்ணத்தில் எண்களை ஒழுங்குபடுத்தி வரிசையாக்கினால் மெர்ஜை நிறுத்துங்கள். ஈனம் (enum, நிலையான மதிப்புகளின் பட்டியல்) பெயர்கள் ஸ்டிரிங்காக நெட்வொர்க்கில் போகின்றனவா என்று பாருங்கள். போகின்றன என்றால் ஐடிஇயில் ஒரு ரீநேம் கிளிக்கே புரோட்டோகாலை உடைக்கப் போதும். எதிர்முனையில் பெயரை மதிப்பாக மாற்றும் வேல்யூஆஃப் எக்ஸெப்ஷன் எறியும், அது எந்த கேட்ச்சில் விழுங்கப்படும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். தெரியாத மதிப்புக்கு ஒரு மாற்று வழி எல்லா ஈனத்திலும் வேண்டும்.

டிஸ்க் விவகாரமும் இதன் தம்பிதான். புதுப் பதிப்பு எழுதிய கோப்பைப் பழைய பதிப்பு திறந்து சேமித்தால் புது ஃபீல்டுகள் காணாமல் போகும். பிடிக்கவில்லை என்று முந்தைய பதிப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் எப்போதும் உண்டு, நடுவில் ஒரு டிரேட் திறந்திருக்கும். மைக்ரேஷனுக்கு முன் முழு டேட்டா ஃபோல்டரின் நகல் கட்டாயம். வாலட் கோப்புக்குத் தனி நகல். எழுதும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, பிறகு பெயர் மாற்றுங்கள். விண்டோஸில் ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பெயர் மாற்றம் தோற்கும். சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயலும் கோடு இல்லாவிட்டால் டிரேடின் நிலை எழுதப்படாமலே போகும். டெபாசிட் டிரான்ஸாக்‌ஷன் நெட்வொர்க்குக்குப் போய்விட்டது, டிஸ்க்கில் நிலை இன்னும் தொடங்கவில்லை என்று நிற்கும். இதைவிட மோசமான சப்போர்ட் டிக்கெட் கிடையாது. நிலையை எழுதிவிட்டுப் பிறகு ஒளிபரப்புங்கள். மறுதொடக்கத்தில் அது செயினில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி ஒளிபரப்பினால் போதும். ஒரே டிரான்ஸாக்‌ஷனை இரண்டு தடவை அனுப்புவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

பழைய ரிலீஸ் ஒவ்வொன்றும் எழுதிய உண்மையான கோப்புகளை ரெப்பாசிட்டரியில் சேர்த்து வையுங்கள். அவற்றைப் புதுக் கோடு வாசித்து, திரும்ப எழுதி, பைட்டுக்கு பைட் ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று போதும். மொத்த யூனிட் டெஸ்ட்களையும்விட அது அதிகம் காப்பாற்றியது.

பணம் நேரடியாகப் போகிற இடம் மூன்றாவது. 2-க்கு-2 மல்டிசிக்கில் (இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் திறக்கும் பூட்டு) இருவரும் பணத்தைப் பூட்டுகிறார்கள். ஒருவர் மாயமானால் காப்பாற்றுவது முன்கூட்டியே கையெழுத்தான காலப்பூட்டு டிரான்ஸாக்‌ஷன். பிட்காயினில் லாக்டைம் (எதுவரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் எண்) செல்லுபடியாக ஒரு இன்புட்டின் சீக்குவென்ஸ் எண்ணாவது 4294967295க்குக் குறைவாக இருக்க வேண்டும். பிட்காயின்ஜே டீஃபால்ட்டாக வைப்பது அந்த 4294967295தான். டிரான்ஸாக்‌ஷன் கட்டும் கோடை ஒரு பொதுவான பில்டருக்குள் நகர்த்தும்போது, சீக்குவென்ஸை 4294967294 ஆக்கும் அந்த ஒற்றை வரி தேவையற்றதுபோலத் தெரியும். அது போனால் காலப்பூட்டே இல்லை, உடனே செலவழிக்கலாம். லைப்ரரி லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு வேலையைத் தொடரும். லாக்டைம் எண் 500000000க்குக் கீழே இருந்தால் பிளாக் உயரம், அதற்கு மேல் யூனிக்ஸ் நேரம். இரண்டையும் ஒரே லாங் (ஜாவாவின் 64-பிட் முழு எண்) வகையில் வைத்திருந்தால் முதல் வேலையாகத் தனித்தனி வகையாக்குங்கள்.

டாஸ்க்குகளின் வரிசையும் பாதுகாப்பின் பகுதி. காலப்பூட்டு டிரான்ஸாக்‌ஷன் இரு கையெழுத்தோடு இருவர் கைக்கும் வந்த பிறகுதான் டெபாசிட் வெளியே போக வேண்டும். வேகத்துக்காக இவற்றை இணையாக ஓட விட்டால், எதிராளி நடுவில் நழுவும்போது பணம் மல்டிசிக்கில் சிக்கிவிடும்.

எதிராளி அனுப்பிய எதையும் நம்பக் கூடாது என்பதற்குப் பெரிய பாடம் பொதுவெளியிலேயே இருக்கிறது. பிஸ்க் 2019இல் 2-க்கு-3 மல்டிசிக்கிலிருந்து (மூவரில் இருவர் கையெழுத்து போதும்) 2-க்கு-2க்கும் காலப்பூட்டுக்கும் மாறியது. 2020 ஏப்ரலில், பணம் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய முகவரியைத் தன்னுடையதாக மாற்றி ஒருவர் சுமார் 3 பிட்காயினும் 4000 மொனேரோவும் (இன்னொரு கிரிப்டோ நாணயம்) திருடினார். டிரேடிங்கையே நிறுத்தி வைத்துத்தான் திருத்தம் வந்தது. முகவரி, தொகை, லாக்டைம், சீக்குவென்ஸ், அவுட்புட் எண்ணிக்கை: ஐந்தையும் பெறுபவர் தானே மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். அனுப்பும் பக்கத்தில் ஏற்கெனவே சரிபார்க்கிறோமே, இது இரட்டிப்பு வேலை என்று ரீஃபேக்டரில் நீக்கப்படும் கோடு பெரும்பாலும் இதுதான்.

கணக்கு வழக்கிலும் ஒன்று. விலையை 4 தசமத்தில் வைத்து சடோஷியோடு (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) பெருக்கும்போது லாங்குக்குள் அடங்கியது, 8 தசமத்துக்கு மாறியதும் அடங்கவில்லை. 2 பிட்காயின் என்றால் 200000000 சடோஷி, 60,000 விலை 8 தசமத்தில் 6000000000000, பெருக்கினால் 1.2 × 10²¹. லாங்கின் எல்லை சுமார் 9.22 × 10¹⁸. ஜாவா வாயே திறக்காமல் தவறான எண்ணைத் தரும். இடைக் கணக்குக்கு எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும் பிக்இன்டிஜர், இறுதியில் லாங்குக்குள் அடங்காவிட்டால் பிழை எறியும் லாங்வேல்யூஎக்ஸாக்ட். மீதியைத் திருப்பும் அவுட்புட் டஸ்ட் வரம்புக்கு (இதைவிடச் சிறிய தொகையை நோடுகள் வழக்கமாகக் கடத்தாது) கீழே போகிறதா என்றும் பாருங்கள். பழைய முகவரி வகைக்கு 546 சடோஷி, ஒற்றைச் சாவி கொண்ட செக்விட் (புதிய வகை, P2WPKH) முகவரிக்கு 294. ஒரே எண்ணை எல்லா இடத்திலும் போட்டிருந்தால் தேடிப் பிரியுங்கள்.

முகப்புப் பக்கம் வேறு விதமான தலைவலி. திரைகளுக்கு நடுவே மாறி மாறிப் போனால் செயலி மெல்ல மெல்லக் கனக்கிறது என்றால், லிசனர்கள் (மதிப்பு மாறும்போது அழைக்கப்படும் கோடு) கழற்றப்படவில்லை என்று அர்த்தம். கழற்றும் வரி இருக்கும், ஆனாலும் கழறாது: மெத்தட் ரெஃபரென்ஸை ஆட்லிசனரில் ஒரு முறையும் ரிமூவ்லிசனரில் ஒரு முறையும் எழுதினால் அவை இரண்டு வேறு ஆப்ஜெக்ட்கள். ஒரு ஃபீல்டில் வைத்து அதையே இரண்டுக்கும் கொடுங்கள். வீக் லிசனர் போட்டுத் தப்பிக்க நினைத்தால், உள்ளே இருக்கும் லிசனரை யாராவது பிடித்து வைத்திருக்க வேண்டும்; இல்லையேல் கார்பேஜ் கலெக்டர் தூக்கிப்போட்டு, திரை சிறிது நேரம் கழித்துப் புதுப்பிக்கப்படாமல் நிற்கும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. இப்படிப்பட்ட பழைய கோடில் திரெட்கள் மோதாமல் காக்கும் லாக் (lock) எதுவும் இருக்காது, ஏனென்றால் பிட்காயின்ஜே கால்பேக்குகள் உட்பட எல்லாமே ஜாவாஎஃப்எக்ஸ் திரெட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தன. திரை உறைகிறது என்று அந்த வேலைகளைப் பின்னணிக்கு நகர்த்தினால், அதுவரை இல்லாத ரேஸ்கள் (இரண்டு திரெட்கள் ஒரே டேட்டாவில் மோதும் பிழைகள்) கும்பலாக வந்து நிற்கும். டிரேட் நிலைக்கென்று தனியாக ஒரே ஒரு திரெட் கொண்ட எக்ஸிக்யூட்டர் வைத்து, முழு லாஜிக்கையும் ஒன்றாக அங்கே நகர்த்துவதுதான் தாங்கும். பாதி அங்கே பாதி இங்கே என்றால் தூக்கம் போகும்.

பில்டு பற்றிச் சுருக்கமாக: கைஸ் 7க்குப் போனால் ஜாவக்ஸ் இன்ஜெக்ட் அனொட்டேஷன்கள் செல்லாது, ஜகார்த்தா மட்டும்தான். சிங்கிள்டன் அனொட்டேஷன் (ஒரே இன்ஸ்டன்ஸ் போதும் என்ற குறி) எங்காவது பழைய இம்போர்ட்டில் தங்கிவிட்டால் அந்த கிளாஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஸ்டன்ஸ் உருவாகும், பிழைச் செய்தி வராது. ஜேடிகே 16க்குப் போக லொம்பாக் (கெட்டர், செட்டர் போன்ற கோடைத் தானே உருவாக்கும் லைப்ரரி) குறைந்தது 1.18.20 வேண்டும். கிரேடிலின் டிபெண்டன்சி சரிபார்ப்புக் கோப்பில் ஜாவாஎஃப்எக்ஸுக்கு மூன்று இயங்குதளங்களின் ஜார்களின் ஹேஷும் இருக்கட்டும். ஒருவர் தன் லினக்ஸில் மட்டும் உருவாக்கிச் சேர்த்தால் மேக்கில் பில்டு நிற்கும். டார் பக்கம் பழைய கோடைத் தொடுகிறவர்கள், முகவரி நீளம் 16 எழுத்து என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாம் பதிப்பு ஆனியன் (டார் முகவரி) 2021இலேயே போய்விட்டது, இப்போது 56 எழுத்து.

இவை எல்லாவற்றையும் பிடித்தது ஒரே ஒரு சோதனை அமைப்பு: ரெக்டெஸ்டில் (சொந்தக் கணினியிலேயே ஓடும் சோதனைச் செயின்) பிட்காயின் கோர், முதலில் 101 பிளாக் (முதல் பிளாக்கின் வெகுமதியைச் செலவழிக்க இன்னும் 100 பிளாக் ஆக வேண்டும்), டாருக்குப் பதில் லோக்கல்ஹோஸ்ட், தனித்தனி டேட்டா ஃபோல்டரில் இரண்டு செயலிகள். ஒன்று போன ரிலீஸ், மற்றது இன்றைய கிளை. பழையது விற்க, புதியது வாங்க. பிறகு திருப்பிப் போட்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு செயலியைக் கொன்று மறுபடி திறக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஸ்கிரிப்ட்டாக்கிவிடுங்கள்.

கட்டாய அப்டேட் போட்டே தீர வேண்டிய கட்டம் வந்தால், குறைந்தபட்சப் பதிப்பு என்ற வடிகட்டியைப் புது ஆஃபர்களுக்கும் புது டிரேடுகளுக்கும் மட்டும் பொருத்துங்கள். செயலியையே திறக்க விடாமல் தடுத்தால், நடுவில் நிற்கும் டிரேடில் பணம் அனுப்பியதை உறுதிசெய்ய முடியாமல் இரு தரப்பும் டிஸ்ப்யூட்டில் (தகராறு விசாரணையில்) வந்து விழும்.