அப்பத்தா இல்லாமல் எடுத்த முதல் இழை

போன வருடம் ஆடியில் அப்பத்தா போய்விட்டதால் அந்த மார்கழியில் பள்ளத்தூர் வீட்டில் பிள்ளையார் நோன்பு கிடையாது. இந்த வருடம் திருக்கார்த்திகைக்கு நான்கு நாள் முன்பு அப்பா போனில், "நோன்பை நீ பாத்துக்கறியா, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார். எழுபத்து மூன்று வயது மனிதர், வருடா வருடம் இழை எடுத்துக்கொண்டவர். எல்லாவற்றையும் அப்பத்தாவே செய்ததால் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், தினம் ஒரு நூல் புது வேட்டியிலிருந்து உருவ வேண்டும். (எல்லாவற்றையும் நோன்பு அன்றைக்கே உருவுகிற வீடுகளும் உண்டு. அப்பத்தாவிடம் அது நடக்காது.) சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் சேர்கிற நாளில் அந்த 21 இழையையும் திரியாக்கி, இனிப்பு மாவில் நட்டு, நெய் விட்டு ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டு விழுங்க வேண்டும். இதுதான் இழை எடுத்துக்கொள்வது. கடலுக்குப் போன செட்டியார்கள் புயலில் சிக்கி, நாள் கணக்கு தவறாமலிருக்க உடுத்தியிருந்த வேட்டியிலேயே தினம் ஒரு நூலாக உருவி வைத்து, கரை சேர்ந்ததும் அதைத் திரியாக்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள் என்று அப்பத்தா கதை சொல்வாள்.

நான் சென்னையில் ஒரு கடையில் வேட்டி வாங்கிக்கொண்டு கார்த்திகையன்று ஆரம்பித்தேன். ஒன்பதாம் நாள் தேவகோட்டை அத்தை கூப்பிட்டாள். "எங்க வாங்குனே? ஒரு நூலைக் கொளுத்திப் பாரு." கொளுத்தினால் பஞ்சு மாதிரி சாம்பலாகவில்லை, சுருண்டு கறுப்பு மணியாக உருகிப் பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. பாலியஸ்டர் கலந்த வேட்டி! அதையா ஏழு பேரும் விழுங்கியிருப்போம்? அன்றைக்கே காரைக்குடியில் இருக்கும் நண்பனிடம் சொல்லி ஒரு கைத்தறிப் பருத்தி வேட்டி வரவழைத்து, ஒன்பது நூலை ஒரே மூச்சில் உருவினேன். "பிள்ளையார் ஒண்ணும் நினைக்க மாட்டார்" என்றாள் அத்தை. அப்பத்தாவைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

நூல் உருவுவதும் லேசில்லை. நடுவில் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். வெட்டிய விளிம்பில் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, கஞ்சி இளக விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாக உருவ வேண்டும். அப்பத்தா இதை வளவுத் (உள்முற்றத்துத்) தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பால்காரரிடம் கணக்குப் பேசிக்கொண்டே, பார்க்காமலே செய்வாள். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் கை வந்தது.

மொத்த நூலையும் சேர்த்து முறுக்கி, தலைக்கு ஒன்றாக விரல் நீளத்துக்கு வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் 21 இழை வந்துவிடும். வெட்டுகிறபோது அத்தை போனிலேயே இருந்தாள். கர்ப்பமாக இருப்பவளுக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு என்று அப்போதுதான் சொன்னாள். நான் அம்மா வயிற்றில் ஏழு மாதமாக இருந்த வருடம் அப்பத்தா எனக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்தாளாம். அதுவரை அப்பத்தா என்னை முதலில் கணக்கில் எடுத்தது நான் பிறந்த அன்று என்றுதான் நினைத்திருந்தேன். சற்று நேரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

மாவிலும் சொதப்பல். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி இடித்த மாவு, தூளாக்கிய வெல்லம், நெய். நான் கூடவே ஒரு கரண்டி தண்ணீரும் விட்டேன். வெல்லமே நீர் விடும் என்பது மறந்துவிட்டது. மாவு களியாகி, நட்ட திரியெல்லாம் சாய்ந்தது. இன்னும் இரண்டு கை மாவு சேர்த்துச் சமாளித்தோம். பொரி வகைகள், ஆவாரம்பூ எல்லாம் அப்பா காலையிலேயே வாங்கி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் பெரியவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவு காலமும் அப்பத்தா கொடுத்தாள், இன்றைக்கு அப்பா. சுடர் ஆடியது, அவர் கை நடுங்கியதால். சின்ன வயதில் நான் தீயைப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் ஓடுவேன், அப்பத்தா விடாமல் பிடித்து, "உள்ள போட்டதும் வாயை மூடு, அணைஞ்சிரும், அவ்வளவுதான்" என்பாள். இதை என் மகளிடம் நாலு தடவை சொல்லிப் பழக்கியிருந்தேன். ஆறு வயது. பயப்படவே இல்லை. கையை நீட்டி வாங்கிப் போட்டு, வாயை இறுக்கி மூடி, கண்ணை உருட்டினாள்.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீடியோவில் கை தட்டினாள்.

அப்புறம் மகள் வாயைத் திறந்து, "அப்பா, நூல் பல்லுல மாட்டிக்கிச்சு" என்றாள். "மெல்லாதே, அப்படியே முழுங்கு" என்று அப்பத்தா ஒவ்வொரு வருடமும் சொல்வாளே, அதை மட்டும் நான் சொல்ல விட்டுவிட்டேன்.