மேசை விரிப்பு விற்கப் பாட்டு வழியே ஸ்பானியம்: எட்டு மாதக் குறிப்பு

கரூரில் சமையலறைத் துவாலை, மேசை விரிப்பு, நாப்கின், நாற்காலி மெத்தை ஆகியவற்றை நெய்து ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். எங்கள் சரக்கு இதுவரை ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. ஃபிராங்ஃபர்ட்டில் ஆண்டுதோறும் ஜனவரியில் கூடும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத்துணிக் கண்காட்சியில், ஸ்பெயினின் வாலென்சியா மாகாணத்திலுள்ள ஒன்தின்யென்த் என்ற ஊரிலிருந்து ஓர் அக்காவும் தம்பியும் எங்கள் ஸ்டாலுக்கு வந்தார்கள். போர்வை நெசவுக்குப் பேர்போன ஊர் அது என்பதால் துணியைத் தொட்டுப் பார்க்கும் விதத்திலேயே அவர்களுக்குத் தொழில் தெரியும் என்பது விளங்கிவிட்டது. ஆனால் அவர்களுடைய ஆங்கிலம் தடுமாறியது. ஒரு துவாலையை இருபுறமும் புரட்டிப் பார்த்துத் தங்களுக்குள் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டார்கள், கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் என் துணியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் போன ஆற்றாமைதான் என்னை ஸ்பானியத்தின் பக்கம் தள்ளியது.

முதலில் இணையவழி வகுப்பில் சேர்ந்தேன். பத்து வகுப்புகளுக்குப் பணம் கட்டி மூன்றில் கலந்துகொண்டேன். மற்ற நாள்களில் ஒன்று கான்டெய்னர் ஏறிக்கொண்டிருந்தது, அல்லது மின்சாரம் போய்த் தறி நின்றிருந்தது. எனக்கென்று தடங்கல் இல்லாமல் கிடைக்கும் நேரம், வாரத்தில் மூன்று நாள் ஈரோட்டுச் சாயப்பட்டறைக்குப் போய்வரும் பயணம் மட்டுமே. ஏறத்தாழ 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். காரில் புத்தகம் படித்தால் எனக்குத் தலை சுற்றும். ஆகவே பாட்டு.

முதல் மாதம் வீணாகப் போயிற்று என்றே சொல்ல வேண்டும். கிடைத்த பாடல்களையெல்லாம் ஓடவிட்டுக் கேட்டேன். இசை பழகியதே தவிர மொழி பழகவில்லை. 2017இல் உலகமே பாடிய ‘தெஸ்பாசித்தோ’வில் தொடங்கியது இன்னொரு பிழை, ஏனென்றால் புவேர்த்தோ ரிக்கோக்காரர்களின் வேகமான பேச்சுநடையில் சொற்களின் இறுதி ஒலிகள் பல விழுங்கப்பட்டுவிடுகின்றன. ஆனாலும் அந்தத் தலைப்பு மட்டும் பயன்பட்டது. ‘தெஸ்பாசியோ’ என்றால் மெதுவாக என்று பொருள். அதோடு ‘இத்தோ’ சேரும்போது நாம் ‘மெல்ல்ல’ என்று இழுப்பதுபோல ஒரு கொஞ்சல் வந்துவிடுகிறது. ‘மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்’, அதாவது ‘தயவுசெய்து இன்னும் மெதுவாக’ என்பதுதான் இந்த எட்டு மாதங்களில் நான் அதிகம் பேசிய வாக்கியம்.

இரண்டாம் மாதத்தில் முறையை மாற்றிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரே பாட்டு. முதல் மூன்று பயணங்களில் வரிகளைப் பார்க்காமல் கேட்பது; பிறகு சாயப்பட்டறையில் லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமிடும் சிறு துணித்துண்டு) காய்வதற்குக் காத்திருக்கும் நேரத்தில், காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதுவது; அதன் பிறகே உண்மையான வரிகளோடு ஒத்துப்பார்ப்பது. கடைசியாக, அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கிய அச்சை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த காதலையும் கண்ணீரையும் வெளியேற்றிவிட்டு, என் தொழிலின் சொற்களை அதில் இட்டு நிரப்புவது. இந்தக் கடைசிப் படிதான் எனக்குப் பேச்சைக் கொடுத்தது. மற்றவை காதைப் பழக்கின, அவ்வளவுதான்.

இந்த முறையில் முதலில் எடுத்தது மனு சாவோவின் 2001ஆம் ஆண்டுப் பாடலான ‘மே குஸ்தாஸ் து’. பிடித்த பொருள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு அது. ஒன்று என்றால் ‘மே குஸ்தா’, பல என்றால் ‘மே குஸ்தான்’. ஆங்கிலம் வழியாக இதைப் படிப்பவர்கள் ‘நான் விரும்புகிறேன்’ என்று எழுவாயை முன்னால் வைத்துக் குழம்புவார்களாம். நமக்குக் குழப்பமே இல்லை, ஏனென்றால் அது அப்படியே ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பதுதான். தலைவலிக்கும் அவர்கள் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றே சொல்கிறார்கள். இரண்டு வாரத்தில் ‘மே குஸ்தா எல் கோலோர்’ (நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது), ‘நோ மே குஸ்தான் லோஸ் போர்தேஸ்’ (ஓரங்கள் எனக்குப் பிடிக்கவில்லை) என்று செக்கிங் மேசையில் நின்று சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். ஓரம் மடித்துத் தைப்பவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் என் முகத்திலிருந்து செய்தி புரிந்தது.

அடுத்தது, மார்க் ஆந்தனியின் ‘விவிர் மி விதா’. இந்த 2013ஆம் ஆண்டு சால்சாப் பாட்டு முழுவதும் ‘வோய் ஆ’ என்ற தொடரின் மேல் நிற்கிறது. ஸ்பானியத்தில் ‘வி’யும் ‘பி’யும் ஒரே ஒலி என்பதால் ‘வோய்’ என் காதில் ‘போய்’ என்றே விழுந்தது. அதன் பொருளும் ‘போகிறேன்’ என்பதே. நாம் ‘அனுப்பப் போகிறேன்’ என்று எதிர்காலத்தைச் சொல்வதுபோலவே அவர்களும் போதலைத் துணைக்கு வைத்துச் சொல்கிறார்கள். ‘வோய் ஆ மந்தார் லா முவேஸ்த்ரா’ என்றால் ‘சாம்பிளை அனுப்பப் போகிறேன்’. பன்னிரண்டு வினைச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோது, ஏற்றுமதிக்காரன் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்குறுதிகளில் பெரும்பகுதி இந்த ஒரே அச்சில் அடங்கிவிடுகிறது என்பது தெரிந்தது. வாக்குறுதியைக் காப்பாற்றுவது தறியின் கையில்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் டிரைவர் பொறுமையிழந்தார். “ஏனுங்கண்ணா, இந்தப் பாட்டையே இன்னும் எத்தனை நாளைக்குங்க கேக்கறது?” என்று கொடுமுடி தாண்டும்போது கேட்டார். போகும்போது ஸ்பானியம், வரும்போது இளையராஜா என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். பின்னர் யோசித்தால் அதுவும் நல்லதாகவே போயிற்று. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நாளில் கேட்டது எதுவும் எனக்குத் தங்கியதில்லை.

ஒலி பற்றி ஒரு குறிப்பு. தமிழ் நாக்குக்கு ஸ்பானியம் எதிர்பார்த்ததைவிட இணக்கமானது. அவர்களுடைய ‘த’ பல்லில் படும் நம்முடைய ‘த’வே; ‘ப, த, க’ எதிலும் ஆங்கிலத்தின் மூச்சுக்காற்று வெளிப்படுவதில்லை; ‘நாதா’ (ஒன்றுமில்லை) என்ற சொல்லின் நடுவே வரும் ஒலி, நாம் ‘அது’ என்னும்போது மென்மையாக ஒலிக்கும் தகரத்துக்கு நெருங்கியது. ‘ஞ’வும் உண்டு. சிக்கல் ரகரத்தில் வந்தது. ‘காரோ’ என்று ஒருமுறை தட்டினால் விலை அதிகம். அதையே உருட்டி ‘கார்ரோ’ என்றால் லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் வண்டி. இலக்கணம் நமக்கு ‘ர’வும் ‘ற’வும் தந்திருந்தும், எங்கள் பக்கத்துப் பேச்சில் இரண்டும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. தமிழாசிரியர் ‘கரை’யையும் ‘கறை’யையும் பிரித்துச் சொல்லச் சொல்லி அதட்டியதை நாற்பத்தேழு வயதில், ஒரு ஸ்பானியப் பாட்டுக்காக நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

காதில் விழுந்ததை எழுதும்போது வேறொன்றும் பிடிபட்டது. ‘கே’ என்ற சொல்லும் ‘எஸ்தா’ என்ற சொல்லும் அடுத்தடுத்து வந்தால் பாட்டில் ‘கெஸ்தா’ என்று ஒரே சொல்லாய் ஒட்டிக்கொள்கின்றன. நாம் இரண்டு உயிர்களுக்கு நடுவே யகரத்தையோ வகரத்தையோ உடம்படுமெய்யாக வைக்கிறோம். அவர்கள் இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறார்கள். புணர்ச்சி என்று ஒன்று உண்டு என்பது தெரிந்த பிறகு, என் குறிப்பேட்டில் அகராதியில் இல்லாத சொற்கள் பாதியாகக் குறைந்தன.

நான்காம் மாதத்துப் பாட்டு, ஹுவானேஸின் ‘லா கமீசா நெக்ரா’, அதாவது கறுப்புச் சட்டை. பாடகர் கொலம்பியாவின் துணித்தொழில் நகரமான மெதெயீன்காரர் என்பதும் தலைப்பிலேயே சட்டை இருப்பதும் என்னை இழுத்தன. பாட்டின் உள்ளே இருப்பது காதல் தோல்விதான். எனக்கு வேண்டியது, பெயரடை பெயருக்குப் பின்னால் வருவதும், பாலும் எண்ணும் ஒத்துப்போவதும். ‘மான்தெல் பிளாங்கோ’ என்றால் வெள்ளை மேசை விரிப்பு. ‘செர்வியேத்தாஸ் பிளாங்காஸ்’ என்றால் வெள்ளை நாப்கின்கள். விரிப்பு ஏன் ஆண், நாப்கின் ஏன் பெண் என்று கேட்டுப் பயனில்லை. நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறத்தையும் இப்படிச் சொல்லிப் பார்த்தபோது ‘குருதோ’ என்ற சொல் வந்தது. பச்சையான, வேகாத என்பது அதன் பொருள். துணியில் அது வெளுக்காத நூலின் நிறம். நாங்கள் ‘கோரா’ என்று சொல்லும் அதே நிறம். அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மேசையை அவர்களும் ‘மேசா’ என்கிறார்கள், துவாலை அவர்களிடம் ‘தோவாயா’. நமக்கு இவை போர்த்துகீசியர் விட்டுப்போனவை, போர்த்துகீசியமோ ஸ்பானியத்துக்கு உடன்பிறந்த மொழி. ஆனால் சமையலறைத் துவாலையை ஸ்பெயினில் ‘பான்யோ தே கொசீனா’ என்பார்கள், அர்ஜென்டினாவில் ‘ரெபசதோர்’ என்பார்கள். அட்டையில் அச்சிடும் முன் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டு தராதவற்றையும் எழுதிவைக்க வேண்டும். முதலாவது எண்கள். மனு சாவோவின் பாட்டில் நேரம் சொல்லும் குரல் வருகிறது என்றாலும் கடிகாரத்துக்கு மேல் அது போகாது. ஐந்தாம் மாதத்தில், கண்காட்சியில் பார்த்த அந்த அக்காவுடன் முதல்முறையாகத் தொலைபேசியில் ஸ்பானியத்தில் பேசினேன். துவாலையின் அளவு ‘சிங்குவேந்தா போர் செதேந்தா’ என்றார், 50க்கு 70. ‘செசேந்தா’ 60, ‘செதேந்தா’ 70. நான் 60 என்று எழுதிக்கொண்டேன். கரூரில் தறிக்கட்டையில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் துவாலை என்றால் ஐம்பதுக்கு எழுபது என்பது தெரியும். புது மொழியில் பேசிவிட்ட பெருமிதத்தில் எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. சாம்பிள் பத்து சென்டிமீட்டர் குட்டையாக இருப்பதாக அவர் பதில் எழுதிய பிறகுதான் பிழை தெரிந்தது. மறு சாம்பிளும் கூரியர் செலவும் என் கல்விக் கட்டணம். அன்றிலிருந்து எந்த எண்ணையும் இலக்கம் இலக்கமாக, ‘சியேதே, சேரோ’ என்று திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்கிறேன். எண்களைப் பழக நான் கண்டுபிடித்த வழி, நாப்கின் கட்டுகளை டஜன் டஜனாக எண்ணும்போது ஸ்பானியத்தில் எண்ணுவது. அதற்குப் பாட்டு தேவையில்லை, தறியின் தாளமே போதும்.

இரண்டாவது, மரியாதை. காதல் பாட்டுகள் எல்லாம் ‘து’ என்ற ஒருமையிலேயே பேசுகின்றன, ஆகவே என் வாயிலும் ‘நீ’ மட்டுமே ஊறியிருந்தது. மெக்சிகோவிலிருந்து விசாரித்த, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் அப்படியே பேசிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை, ஆனால் என்னை ‘உஸ்தெத்’ என்று நீங்கள் போட்டே அழைத்துக்கொண்டிருந்தார். பெரியவரை நீ என்று அழைத்துவிட்டு அவரிடமிருந்து நீங்கள் கேட்பது எப்படி இருக்கும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டின் அச்சையும் ‘உஸ்தெத்’ வடிவில் மாற்றிச் சொல்லிப் பழகினேன். வேடிக்கை என்னவென்றால், ஸ்பெயின் அக்காவிடம் அந்த மரியாதையோடு பேசியபோது அவர் சிரித்துவிட்டு, தன்னை ‘து’ என்றே அழைக்கச் சொன்னார். அங்கே வியாபாரத்திலும் ஒருமை சகஜம்.

ஆறாம் ஏழாம் மாதங்களில் ஹுவான் லூயிஸ் கெர்ராவின் ‘ஓஹலா கே யுவேவா கஃபே’யைக் கேட்டேன், காப்பி மழையாய்ப் பெய்யாதா என்ற டொமினிக்கன் நாட்டு உழவரின் ஏக்கம் அது. ‘பெய்யட்டும்’ என்பது போன்ற அந்த வினைவடிவம் எனக்கு இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. தூத்துக்குடியில் சரக்கு ஏறும் நாளில் ‘ஓஹலா கே யேகே எல் பார்கோ’ (கப்பல் வந்து சேராதா) என்று மட்டும் பிழையின்றிச் சொல்வேன். இறந்தகாலத்துக்கு ஏற்ற பாட்டு இன்னும் அகப்படவில்லை. ‘சரக்கு நேற்றே புறப்பட்டுவிட்டது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் இன்றும் ‘நேற்று, சரக்கு, ஆம்’ என்று சமாளிக்கிறேன்.

எட்டாம் மாதத்தில், அதாவது போன வாரம், அக்காவும் தம்பியும் காணொளியில் வந்தார்கள். மூன்று துவாலை கொண்ட ஒரு பொதிக்கு 2.35 யூரோ என்று விலை சொன்னேன், அவர்கள் வழக்கப்படி ‘தோஸ் கோன் திரெயிந்தா இ சிங்கோ’ என்று. உடனே இருவரும் முகத்தைத் திருப்பித் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். இந்த ஒரு கணத்துக்காகத்தான் எட்டு மாதங்கள் காரில் பாட்டுக் கேட்டேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பேசியது ஸ்பானியமே இல்லை, வாலென்சியா மொழி, வீட்டு மொழி. ஃபிராங்ஃபர்ட்டிலும் அதையே பேசியிருப்பார்கள் போலும். ஆனால் நடுவில் ஒரு சொல் இரண்டு முறை வந்தது: ‘மாசா கார்’. விலை அதிகம் என்ற ‘காரோ’விலிருந்து ஓகாரம் உதிர்ந்து நின்ற அந்தக் ‘கார்’ எனக்குப் பிடிபட்டது. அவர்கள் என் பக்கம் திரும்பி வாய் திறப்பதற்குள் ‘தோஸ் கோன் வெயிந்தினுவேவே’ என்றேன். 2.29. தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா குருதோ நிறத்தில் 3,000 பொதி என்று எழுதிக்கொண்டார். நான் அந்த எண்ணை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொன்னேன்.