சோதோ என்றால் வெளியே

யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் கையைத் தூக்கினேன். ஐந்தாம் வகுப்புக்கு ஒருநாள் ஸ்க்ராட்ச் (வண்ணக் கட்டளைக் கட்டைகளை அடுக்கித் திரையில் ஒரு பூனையை ஓட்டும், பிள்ளைகளுக்கான புரோகிராமிங்) சொல்லிக்கொடுக்கப் பெற்றோர் யாராவது வரமுடியுமா என்று மகளின் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. இங்கே ஜப்பானில் 2020 ஏப்ரலிலிருந்து தொடக்கப்பள்ளியிலேயே புரோகிராமிங் கட்டாயம். "பதினெட்டு வருஷமா இதத்தானே பண்றேன்" என்றேன். "வைஃபை நின்னா நான்தானேங்க சரி பண்றேன்" என்றாள் வீட்டம்மா. மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, ஜோக் மட்டும் சொல்லாதீங்க."

ஷூவைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த விருந்தினர் செருப்பில் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு மாடி ஏறினேன். நடுப்படியில் ஒரு செருப்பு மட்டும் மனம் மாறித் திரும்பிப் போனது. அப்போதே நானும் போயிருக்கலாம்.

ஸ்க்ராட்சில் ஜப்பானிய மொழி இரண்டு விதமாக இருக்கிறது: கான்ஜி என்ற சீன எழுத்து கலந்தது ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்காக ஒலியை மட்டும் காட்டும் ஹிரகனா எழுத்தில் ஒன்று. என்மேல் இரக்கப்பட்டு ஆசிரியை ஹிரகனாவைத் திறந்து வைத்திருந்தார். கான்ஜி என்றால் படம் மாதிரிப் பார்த்தாவது ஊகித்துவிடுவேன், இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேண்டும். கடைசியில் கட்டைகளின் நிறத்தை நம்பினேன். நீலம் என்றால் நகரும், ஆரஞ்சு என்றால் திரும்பத் திரும்பச் செய்யும். கோடு போடும் பேனாவைக் காணோம். அது கீழே இடது மூலையில் இருக்கும் பொத்தானுக்குள் ஒளிந்திருப்பதை முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து தொட்டுக் காட்டிவிட்டுப் போனான்.

பாடம் முக்கோணம். சமபக்க முக்கோணத்தில் கோணம் 60, இது எந்த மடையனுக்கும் தெரியும். 100 அடி நட, 60 பாகை திரும்பு, இப்படி 3 தடவை. பச்சைக் கொடியை அழுத்தினேன். பூனை பாதி அறுகோணத்தைப் போட்டுவிட்டு அப்படியே நின்றது. பதற்றத்தில் 3-ஐ 6 ஆக்கினேன், பிசிறில்லாத முழு அறுகோணம் வந்தது. ஆசிரியை கைதட்டினார், பாவம்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "சோதோ!" அப்புறம் இரண்டு குரல். அப்புறம் பாதி வகுப்பு. சோதோ என்றால் வெளியே. ஆபீசில் மேலாளர் சுற்றி வளைத்துச் சொன்னதுண்டு, பத்து வயதுப் பிள்ளைகள் நேராகவே சொல்கிறார்களே என்று லேப்டாப்பைப் பாதி மூடியே விட்டேன். மகளைத் தேடினால் தலை மேசைக்கு அடியில் இருந்தது.

அந்த முன்வரிசைப் பையன் பென்சிலோடு வந்தான். பக்கத்தின் மேல் பென்சிலை ஓட்டி, மூலையில் நிறுத்தி, மெதுவாகத் திருப்பிக் காட்டினான். நேராகப் போகிற பூனை அடுத்த பக்கத்துக்குத் திரும்ப வேண்டியது உள்கோணம் இல்லை, வெளிக்கோணம். 180-இல் 60 போக 120. அதைத்தான் பாவிகள் "வெளியே, வெளியே" என்று கத்தியிருக்கிறார்கள்.

அதற்குமேல் அங்கே எனக்கு வேலையே இல்லை. ஒரு சிறுமி 144 போட்டு 5 தடவை ஓட்டி நட்சத்திரம் வரைந்தாள். இன்னொருவன் 90-க்குப் பதில் கைதவறி 91 அடித்து 360 தடவை ஓட விட்டான். சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து சாய்ந்து, திரை நடுவில் பெரிய வட்டச் சல்லடையாக விரிந்தது. பையன் திருத்தவே இல்லை, கோட்டின் நிறத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டினான். எங்கள் ஆபீசாக இருந்தால் பிழை என்று டிக்கெட் போட்டு மூன்று கூட்டம் நடத்தியிருப்போம்.

இப்போது வீட்டில் நான் புத்திமதி சொல்ல வாயைத் திறந்தாலே அம்மாவும் மகளும் சேர்ந்து "சோதோ" என்கிறார்கள். வீட்டம்மாவுக்கு ஜப்பானிய மொழி சுத்தமாக வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பிரிவுக்கும் எடுக்கச் சொல்லி மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், நாளைக்குத்தான். சற்றுமுன் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே ஒரு மஞ்சள் சீட்டு, மகளின் கையெழுத்து: முக்கோணம் 120, சதுரம் 90, ஐங்கோணம் 72. கீழே ஒரு பூனை. அதன் காலில் அளவெடுத்த மாதிரி இரண்டு செருப்பு.