மூணாவது க்ளிக்

ஜூன் 15, 2024, சனி

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த தாத்தாவின் ரிவால்வர் இன்று ராயபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குண்டு போடும் பக்கத்து மூடியான லோடிங் கேட்டைத் திறந்து ஆறு அறையும் காலிதானா என்று பார்த்துவிட்டு, குண்டை அடிக்கும் சுத்தியலான ஹேமரை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். ஏறி நின்றது. ஆறு அறையுள்ள உருளையான சிலிண்டர் மட்டும் பூட்டவில்லை. விரலால் தள்ளினால் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. குண்டறை குழாய்க்கு நேராக நிற்காத ரிவால்வரைச் சுட்டால் ஈயத்தைச் சீவி பக்கவாட்டில் துப்பும், இன்னும் மோசமாகவும் போகலாம். உறையில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டேன்.

எப்போது கெட்டதென்று சொல்ல முடியாது. அதை வெளியே எடுப்பதே ஆயுத பூஜைக்குத்தான். சந்தனப் பொட்டு வைப்போம், யாரும் ஹேமரை இழுத்துப் பார்க்க மாட்டோம்.

ஜூன் 16, ஞாயிறு

ஒரு வார்த்தை வரலாறு. தாத்தா ஹார்பரில் ஸ்டீவடோர் காண்ட்ராக்டர், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் வைத்தவர். பாரிமுனை பேங்கிலிருந்து சனிக்கிழமை கூலிப் பணத்தைப் பையில் எடுத்துவருவார், அதற்காக வாங்கிய லைசென்ஸ். நைனாவுக்கு 70 வயது ஆனதும் வாரிசு முறையில் என் பெயருக்கு மாற்றினோம். உரிமக்காரர் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 ஆனாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, எது முந்தியதோ அப்போதே மாற்றலாம்.

துப்பாக்கி கோல்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன், 1873 மாடல். குழாயின் மேல் ஹார்ட்ஃபோர்டு முகவரிக்குப் பக்கத்தில் ‘டெப்போ 14 பால் மால் லண்டன்’ என்று இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து லண்டன் போய், அங்கிருந்து மதராஸ் வந்த சரக்கு.

இதில் ட்ரிகரை அழுத்தினால் சிலிண்டர் சுற்றாது. ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் அந்த ஒரு இழுப்பில் நாலு சத்தம் கேட்கும். முதலாவது சேஃப்டி வெட்டு, அதாவது ஹேமரைக் கொஞ்சம் பின்னால் நிறுத்திவைக்கும் பள்ளம், இரண்டாவது குண்டு போடும் அரை ஏற்றம். மூணாவது, சிலிண்டரை நிறுத்துகிற போல்ட் என்னும் குட்டி இரும்பு நாக்கு மேலே வந்து உட்காரும் சத்தம். நாலாவது முழு ஏற்றம். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். மூணாவது இல்லை.

நைனா: “இன்னாடா, ரேடியோ ரிப்பேரா பண்ற, காதுல வெச்சிக்கினு?”

ஜூன் 19, புதன்

சிலிண்டரைச் சுற்றிவிடும் கொக்கி தேய்ந்திருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் முழு ஏற்றத்தில் சிலிண்டர் முன்பக்கமாக மட்டும்தான் ஓடுகிறது, பின்பக்கம் அசையவில்லை. பின்னே வராமல் தடுப்பது அந்தக் கொக்கிதான். ஆக அது வேலை செய்கிறது, சந்தேகம் போல்ட் மேல்.

அரை ஏற்றத்தில் வைத்து, கேட்டைத் திறந்து, சிலிண்டர் சுற்றும் அச்சான நடு ஊசியை உருவி சிலிண்டரை வலப்பக்கமாக வெளியே எடுத்தேன். அடித்தட்டில் போல்ட் எட்டிப் பார்க்கும் சின்ன ஜன்னலைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின். தாத்தா காலத்திலிருந்து இதற்குத் தேங்காய் எண்ணெய்தான். காறிப்போய், தூசியும் சேர்ந்து, பழைய ஊதுவத்தி ஸ்டாண்டு மாதிரி ஒட்டுகிறது. பல் துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன்.

பிசின்தான் காரணம் என்றால் இப்போது சரியாகியிருக்க வேண்டும். ஹேமரை இறக்கிவிட்டு, ஊதுவத்திக் குச்சியால் போல்ட்டை அழுத்தினேன். கீழே போனது போனதுதான், எழும்பவில்லை. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தால் தானே வழுக்கி வெளியே எட்டிப் பார்க்கிறது. திருப்பினால் உள்ளே விழுகிறது. ஒட்டல் இல்லை, தள்ளிவிடத்தான் ஆள் இல்லை. உள்ளே ஸ்பிரிங் போயிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

தண்டையார்பேட்டையில் லேத் வைத்திருக்கும் சிநேகிதனிடம் போனில் சொன்னேன். “எட்து வா மச்சான், அரமணி நேரத்துல முட்ச்சிர்லாம்” என்றான். அவன் கை சுத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆயுதச் சட்டம் 5வது பிரிவு துப்பாக்கி ரிப்பேருக்கும் உரிமம் கேட்கிறது. இவனுடைய நல்ல மனசுக்காக இவனையும் என்னையும் வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் வாசலில் நிற்கவைக்க முடியாது.

ஜூன் 24, திங்கள்

உரிமம் உள்ள கடைக்கு லைசென்ஸ் புத்தகத்தோடு போனேன். ரிப்பேர் பார்ப்பவர் வயதான பாய். திருகு வெட்டுக்குள் ஆடாமல் உட்காரும்படி நுனி தீட்டிய ஸ்க்ரூட்ரைவர்களாக வரிசையாக வைத்திருக்கிறார். பிடியையும் ட்ரிகர் கார்டையும் கழற்றி, ஒற்றைத் திருகில் நிற்கும் தட்டை ஸ்பிரிங்கை எடுத்து வெள்ளைத் துணியில் போட்டார். நடுவில் பிளந்த இரட்டைக் கால். ஒரு கால் ட்ரிகரைத் தள்ளும், இன்னொன்று போல்ட்டை. போல்ட் பக்கத்துக் கால் பிளவின் மூலையிலேயே முறிந்திருந்தது.

“இங்க பாரு தம்பி.” லென்ஸைக் கொடுத்தார். முறிவின் ஓரத்தில் கடுகை விடச் சின்னதாக ஒரு துருப் பள்ளம். ஒவ்வொரு தடவை வளையும்போதும் பாரம் அந்த இடத்தில் குவியும், விரிசல் அங்கேதான் தொடங்கும் என்றார். கடல் காற்றும் தோல் உறையும் இருந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்.

ஹேமரைத் தேய்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு முறைத்தார். “வெல கம்மியான சாமான மாத்து. வெல கூடினத அரத்தால தொடாத.”

ஜூலை 6, சனி

புது ஸ்பிரிங் தயார். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கவில்லை, பாயே தட்டை ஸ்பிரிங் எஃகில் வெட்டியிருக்கிறார். அரக் கோடுகள் காலின் நீளவாக்கில்தான் ஓட வேண்டுமாம், குறுக்கே ஒரு கீறல் இருந்தாலும் அந்த இடத்தில் உடையும். செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடி மாதிரி உடையும் பதம். அதை மெல்லத் திரும்பச் சூடாக்கி, நீலம் ஏறும்போது நிறுத்தியிருக்கிறார். நான் பார்த்தபோதும் அந்த நீலம் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது.

போல்ட் பக்கத்துக் காலை வேண்டுமென்றே மெல்லிசாக வைத்திருக்கிறார். அழுத்தம் கூடினால் சிலிண்டரைச் சுற்றி மோதிரம் மாதிரி கோடு விழும். எங்களுடையதில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. போல்ட், பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் சரிவில் இறங்கி வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக இழுத்துக் காட்டினார். ஆறிலும் நாலு சத்தம்.

கிளம்பும்போது, “எத்தன போடுவீங்க?” என்றார். அஞ்சு என்றேன். தலையாட்டினார். இதன் ஹேமர் மூக்கிலேயே குண்டைக் குத்தும் ஊசி இருப்பதால், இறக்கிவைத்த ஹேமருக்குக் கீழே காலி அறைதான் இருக்க வேண்டும். சேஃப்டி வெட்டை நம்பி ஆறு போட்டால், கீழே விழுந்தாலே வெடித்துவிடலாம்.

ஜூலை 7, ஞாயிறு

தோல் உறை தனியாக, துப்பாக்கி தனியாக. மெல்லிய துப்பாக்கி எண்ணெய் துணியில் தொட்டு ஒரு தடவல், மிச்சத்தைத் துடைத்தாயிற்று. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை.

நைனாவுக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. “தேங்காண்ண போட்டதாலதான் இத்தினி வருசம் ஓட்ச்சி. அந்த பாய் எண்ண விக்கிறவரு, அப்டித்தான் சொல்லுவாரு.” எண்ணெயை நான் வேறு கடையில் வாங்கினேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.