பின் ரூம் சுவர் ஒரு வழியா இறுகிடுச்சு (சுண்ணாம்பு, சுர்க்கிங்கிற செங்கத்தூள், மஞ்சத்தண்ணி)

நகத்தை வச்சு அழுத்திப் பாத்தேன், இறங்கல. ஆணியால கீறினேன், லேசா ஒரு கோடு விழுந்து கொஞ்சம் மாவு உதிர்ந்துச்சு, அவ்வளவுதான். குன்னூர் மூடுபனியில சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் நிக்காது சார்னு சொன்ன அத்தனை பேரும் வந்து கீறிப் பாத்துட்டுப் போகலாம், டீ நம்ம செலவு.

வீடு பழசு. கருங்கல்லும் மண் சாந்தும், மேல தகரம். பின் சுவர் மேட்டை வெட்டின பக்கமா நிக்குது, வெளிமண் உள் தரையை விட ரெண்டரை அடி ஒசரம். மலையில பாதி வீடு இப்படித்தான். 2009 நவம்பர் மழையில மாவட்டம் பூரா மண் சரிஞ்சப்ப எங்க பின்மேடும் கொஞ்சம் இறங்குச்சு, அப்ப ரிப்பேர் பண்ண வந்தவங்க உள்பக்கம் பூரா கெட்டியா சிமெண்ட் பூசிட்டுப் போனாங்க, அன்னிக்குப் புடிச்சது சனி. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல வர்ற ஈரம் அதுவரைக்கும் அப்படியே உள்பக்கமா காத்துல காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, சிமெண்ட் வந்து வழியை அடைச்சதும் மேல ஏற ஆரம்பிச்சுது. ஜன்னல் மட்டம் வரைக்கும் ஓதம், உப்பு பூத்து பெயிண்ட் பொரிஞ்சு உதிருது, பீரோவுல இருக்கிற துணியெல்லாம் பூசணம். அத்தையோட பட்டுப்புடவை ஒண்ணு போச்சு, அந்தக் கதையை தீபாவளிக்குத் தீபாவளி கேக்கிறேன். ஈரத்தைத் தடுக்கும்னு சொல்லி வித்த பெயிண்டையும் அடிச்சுப் பாத்தாச்சு. ஒரு மழை தாங்குச்சு, அடுத்த மழைக்கு தோல் உரியிற மாதிரி பாளம் பாளமா வந்துடுச்சு.

அதனால சிமெண்ட் முழுசையும் கொத்தி எடுத்து, ஒரு கோடை பூரா சுவரை சும்மா காயவிட்டோம். அது பெரிய கதை இல்ல, தூசி மட்டும்தான். கதை சுண்ணாம்புல இருக்கு.

சுண்ணாம்பு நீத்துறதுல, அதாவது சூளையில சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சுக் கரைக்கிறதுல, ரெண்டு விஷயத்துக்கு நான் உயிரைக் குடுப்பேன். முதல்ல, கல்லு வந்த அன்னைக்கே நீத்திடணும். கீழ்நாட்டுல சாக்குல வச்சு கொஞ்ச நாள் கழிச்சு நீத்தலாம், இங்க முடியாது. நம்ம காத்துல இருக்கிற ஈரத்தையே குடிச்சு கல்லு சாக்குக்குள்ளயே மாவாகிடும், அப்புறம் தண்ணியில போட்டா கொதிக்கவே கொதிக்காது, அந்த மாவு பூச்சுக்கு ஆகாது. நல்ல கல்லு கையில எடுத்தா சைஸுக்கு வெயிட் கம்மியா இருக்கும், தட்டினா கணீர்னு கேக்கும். தகர ட்ரம்ல தண்ணியை முதல்ல ஊத்திட்டு அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். கல்லு மேல தண்ணி ஊத்தினா மூஞ்சில தெறிக்கும். பிளாஸ்டிக் ட்ரம்ம தொடவே வேணாம், சூட்டுல நெளிஞ்சிடும். கண்ணாடி, கையுறை ரெண்டும் போட்டே ஆகணும், சுண்ணாம்பு கண்ணுல பட்டா பார்வையே போயிடும்.

ரெண்டாவது சலிக்கிறது. இதைத்தான் எல்லா மேஸ்திரியும் அவசரத்துல விட்டுடறாங்க. சூளையில ரொம்ப வெந்துபோன கல்லு இருக்கும் பாருங்க, அது அன்னைக்கு கரையாது. மாவுல சின்னச் சின்ன பருக்கையா ஒளிஞ்சிருக்கும், சுவர்ல பூசினதுக்கு அப்புறம் பல மாசம் கழிச்சு நிதானமா ஈரத்தைக் குடிச்சு உப்பும். உப்பினா பூச்சுல ஒரு ரூபாய் காசு அளவுக்கு பொட்டுனு தெறிச்சு குழி விழும், குழிக்கு நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு உக்காந்திருக்கும். வெலிங்டன் பக்கம் ஒரு வீட்டுல ஹால் சுவர் பூரா இந்தக் குழிதான், அம்மை போட்ட முகம்னு வீட்டுக்காரங்களே சொல்றாங்க. நான் சுண்ணாம்புப் பாலை முதல்ல கொசுவலைக் கம்பியில விட்டு, அப்புறம் மாவு சலிக்கிற எஸ்எஸ் சல்லடையில விட்டு, தங்கினதை எல்லாம் தூரக் கொட்டினேன். அப்புறம் மேல நாலு விரக்கடை தண்ணி நிக்கிற மாதிரி மூடி வச்சாச்சு. எவ்வளவு மாசம் ஊறுதோ அவ்வளவு நல்லது. கரண்டியில அள்ளிக் கவுத்தா விழாம நிக்கணும், அதுதான் பதம்.

இவ்வளவு பண்ணியும் முதல் பூச்சு சொதப்பல். சுண்ணாம்பு ஒண்ணு, மணல் மூணு, பத்து மில்லிமீட்டர் கனம், சுவரை நல்லா நனைச்சு பூசினது. ஐப்பசி மழை விட்டு விட்டு அடிச்சுது, மூடுபனி ரூமுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிச்சு. வாரக்கணக்கா ஆகியும் நகம் சர்ருனு உள்ள போகுது. அப்பதான் மஞ்சத்தண்ணி வேலைக்கு வந்துச்சு. பூச்சைக் கொஞ்சம் கீறி மஞ்சத்தண்ணி தொட்டு வச்சா, இறுகாத சுண்ணாம்புன்னா உடனே ஆரத்தித் தண்ணி செவப்பு, காத்தைக் குடிச்சு திரும்ப கல்லானதுன்னா மஞ்சளாவே நிக்கும். எங்க சுவர்ல மேல ஒரு மயிரிழை மஞ்சள், அதுக்குக் கீழ ஒரே ரத்தச் செவப்பு. வெறும் சுண்ணாம்பு இறுகுறதுக்கு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு உள்ள போகணும், சுவர் தொபுதொபுன்னு நனைஞ்சே கிடந்தா அது போக இடமே இல்ல. ஈரம் கொஞ்சம் வேணும், ஆனா குளிச்சிட்டே இருக்கக் கூடாது. ஊட்டி, தலைக்குந்தா பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொரு தொல்லை, டிசம்பர் ஜனவரியில ஈரப் பூச்சு மேல உறைபனி விழுந்தா உள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு பூச்சையே தூக்கிடும். அந்த ரெண்டு மாசம் கரண்டியைத் தொடாதீங்க.

இங்கதான் சுர்க்கி. மேஸ்திரியோட அப்பா, எண்பது வயசு, கட்டில்ல உக்காந்துக்கிட்டே "செங்கத்தூள் போடாம இந்த ஊர்ல எவன்டா சுண்ணாம்பு பூசினான்"னு மகனைத் திட்டினாரு. சரியா வேகாத செங்கல்லை இடிச்சு மாவாக்கி சுண்ணாம்போட சேத்தா, காத்தே இல்லாம ஈரத்துலயே இறுகும். நல்லா வெந்த செங்கல் வேணாம், கடையில கழிச்சுக் கட்டுற மங்கலான கல்லுதான் வேணும். சுண்ணாம்பு ஒண்ணு, சுர்க்கி ஒண்ணு, மணல் ரெண்டு. அதே சுவர்ல, அதே மூடுபனியில, மெத்துனு கிடந்த இடத்துக்குப் பக்கத்துலயே மூணடிக்கு மூணடி பூசிப் பாத்தோம். மஞ்சத்தண்ணி வச்சா அங்கயும் செவப்புதான் வருது, ஆனா நகம் இறங்கல! அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. பழைய பூச்சை வழிச்சுப் போட்டுட்டு முழுச் சுவரையும் சுர்க்கியிலயே முடிச்சாச்சு, நிறம் லேசா ரோஸ் கலந்து அழகாத்தான் இருக்கு.

கடுக்காயும் வெல்லமும் ஊற வச்சு புளிச்ச தண்ணியிலதான் குழைச்சோம், கரண்டிக்கு வழவழன்னு வருது, இழுத்த இழுப்புக்குப் போகுது. நாத்தம் தாங்காம அத்தை வந்து "மாப்பிள்ளை, வீட்டுல என்ன காய்ச்சறீங்க"ன்னு சந்தேகமா கேட்டாங்க. அத்தையை சமாளிச்சிடலாம், கரடியை சமாளிக்க முடியல. வெல்ல வாசத்துக்கு ராத்திரி வந்து குடத்தை உருட்டி நக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப ஊறல் குடம் பாத்ரூம்ல.

கடுக்காய் எந்த நாட்டு மருந்துக் கடையிலயும் கிடைக்கும். கல்லு சுண்ணாம்புதான் ரோதனை, மேட்டுப்பாளையம் இறங்கித்தான் எடுக்கணும். ஒரு கடையில போன்ல "புதுச் சூளை சார்"னு சொல்லிட்டு பாதி மாவாப் போன சாக்கைக் கட்டிக் குடுத்தான், பிரிச்சுப் பாக்காம காசு குடுக்காதீங்க. மணலுக்கு எம் சாண்ட்தான், ஆனா பூச்சுக்குன்னு கேட்டு வாங்கணும், கான்கிரீட்டுக்கு வர்றது கரகரன்னு இருக்கும்.

அடுத்து ஹால்ல ஒரு சுவர் மட்டும் செட்டிநாட்டு மெருகு, முட்டை வெள்ளைக்கரு போட்டு தேய்ச்சுப் பாக்கணும்னு ஆசை. வீட்டுல முட்டைக் கணக்குக் கேப்பாங்க. சமையல்கட்டு புகைக்கூண்டையும் இதே கையோட பூசிடலாமான்னு ஒரு யோசனை, மேஸ்திரி ஏற்கனவே ஓடி ஒளியறாரு.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி வெளியில கால்வாய் இன்னும் பாதிதான் ஆகியிருக்கு. உள்ள என்ன பூசினாலும் பின்மேட்டுத் தண்ணியைத் திருப்பி விடாம சுவர் காயாது. நம்ம மாவட்டத்துல ஜேசிபி இறக்கணும்னா பெர்மிஷன் வேணும், அதனால கடப்பாரையும் மண்வெட்டியும்தான். அஸ்திவாரத்தை விட ஆழமாத் தோண்டக் கூடாதுங்கிறதால சுவரை விட்டு ரெண்டடி தள்ளி வெட்டிக்கிட்டு இருக்கோம், அடியில ஓட்டை போட்ட பைப், மேல ஜல்லி. ஐப்பசிக்குள்ள மூடியாகணும். குன்னூர் டவுன்லேர்ந்து சின்ன வண்டியில 40 எம்எம் ஜல்லி அரை யூனிட் இறக்கித் தர்ற ஆளு யாராவது இருந்தா சொல்லுங்க, எங்க சந்துக்குள்ள லாரி திரும்பாது.