பேட்டரி கூலர் பாக்ஸ் வாங்கப் போறீங்களா?

லிட்டர் கணக்கைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. உள்ளே இருப்பது பெல்டியரா (கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் சின்னத் தகடு), கம்ப்ரஸரா (வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது மாதிரி) என்று முதலில் கேளுங்க.

பெல்டியர் வகை எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் வெளி வெப்பத்தைவிட சுமார் 15–20 டிகிரிதான் இறக்கும். 40 டிகிரி வெயிலில் வேலை பார்க்கிறவருக்கு உள்ளே 20க்கு மேல்தான் இருக்கும். அதில் சாப்பாடு கெட்டுப்போகும். 2–8 டிகிரியில் இருக்க வேண்டிய இன்சுலினை அதை நம்பி வைக்கவே கூடாது. கம்ப்ரஸர் வகை கனம்தான், ஆனாலும் நல்ல மாடல்கள் மைனஸ் 18 வரை போகும். நான் கம்ப்ரஸர் பக்கம்தான்.

அடுத்து பேட்டரி. 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால், இரண்டையும் பெருக்க 90 வாட்-அவர்; பேட்டரியில் இருக்கும் மொத்த சக்தி அவ்வளவுதான். 45 வாட் இழுக்கும் பெட்டி நிற்காமல் ஓடினால் இரண்டே மணி நேரம். ஒருதடவை குளிர்ந்தபின் விட்டு விட்டு ஓடுவதால் கூட நேரம் தாங்கும். அதனால் கிளம்பும் முன்பே வீட்டு கரண்டில் போட்டு, பொருட்களையும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து அடுக்குங்க. கார் சாக்கெட்டில் போடுவதாக இருந்தால் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் (கார் பேட்டரி இறங்கினால் பெட்டி தானாக நின்றுவிடும் வசதி) கட்டாயம். இல்லாவிட்டால் திரும்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

கடையிலேயே ஒரு சோதனை: மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்க. வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை. நாலு பக்கமும் இப்படிப் பாருங்க. கைப்பிடியையும் நிரப்பிய எடையோடு தூக்கிப் பார்த்துடுங்க, தினமும் சுமக்கப்போவது நீங்கதான்.